கோயாசானில் எங்கே தங்குவது: கோயில் விடுதியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஒசாகாவுக்குத் தெற்கே, வகயாமா மாநிலத்து மலைகளுக்கு நடுவே, சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோயாசான். 816-இல் சாகா பேரரசரின் அனுமதி பெற்று, கூக்காய் என்ற துறவி இங்கே ஷிங்கோன் பௌத்தத்துக்கு ஒரு மடத்தை எழுப்பத் தொடங்கினார். அவரைத்தான் ஜப்பானியர் கோபோ டைஷி என்று வணங்குகிறார்கள். 835-இல் அவர் மறையவில்லை, ஒகுனோயின் என்ற இடத்தின் உட்பகுதியில் இன்றும் தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. 117 கோயில்கள் உள்ள இந்தச் சின்ன ஊரில் ஏறக்குறைய ஐம்பது கோயில்கள் வெளியாருக்குத் தங்க இடம் தருகின்றன. கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் இப்படிப்பட்ட விடுதிக்கு ஷுகுபோ என்று பெயர்.

பழைய காலத்தில் எதில் தங்குவது என்ற குழப்பமே இல்லை. ஒவ்வொரு சிற்றரசரும் ஒரு குறிப்பிட்ட கோயிலோடு உறவு வைத்திருந்தார். அவருடைய நாட்டு மக்கள் யாத்திரை வந்தால் அந்தக் கோயிலில்தான் தங்கினார்கள். 1600-இல் செகிகஹாரா போரில் தோற்ற பக்கம் இருந்ததால் நாடுகடத்தப்பட்ட சானாடா குடும்பத்தினர் ரெங்கேஜோ-இன் கோயிலுக்கு வந்து சேர்ந்ததும் அப்படிப்பட்ட உறவினால்தான். இன்று நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் முன்பதிவுத் தளத்தைத் திறந்தால் ஐம்பது கோயிலும் ஒரே மாதிரித் தெரியும்: அதே பாய், அதே காகிதக் கதவு, அதே சிவப்புத் தட்டில் சாப்பாடு.

படங்களை வைத்து ஒப்பிட்டால் முடிவுக்கு வரவே முடியாது என்பது என் கருத்து. பகலில் இந்த ஊர் எல்லோருக்கும் ஒன்றுதான். மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை ஒன்பது மணி வரைதான் தங்கும் இடத்துக்கு ஏற்றபடி மாறுகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு தேர்வு தானாகவே சுருங்கிவிடும்.

படி 1: எத்தனை இரவு

ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நான்காய் ரயிலில் கொகுராகுபாஷி வரை, சிறப்பு விரைவு வண்டியில் சுமார் 80 நிமிடம், சாதாரண விரைவு வண்டியில் சுமார் 100 நிமிடம். சில வண்டிகளில் ஹாஷிமோட்டோவில் மாற வேண்டும். அங்கிருந்து மலையேறும் கேபிள் காரில் ஐந்து நிமிடம், பிறகு பேருந்தில் பத்து நிமிடம். காலையில் கிளம்பி இரவு ஒசாகாவுக்கே திரும்பிவிடலாம்தான். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் போன பிறகுதான் ஊர் அமைதியாகிறது. அதனால் ஒரு இரவாவது தங்குங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு இரவே போதும். மலைப்பாதைகளில் நடக்க விரும்புகிறவர்கள் மட்டும் இரண்டு இரவு வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் இரண்டையும் ஒரே கோயிலில் கழிக்காமல், ஊரின் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று பிரித்துப் பாருங்கள். பெட்டியைத் தூக்கும் சிரமம் கொஞ்சம் உண்டு, ஆனால் இரண்டு வேறு ஊர்களில் தங்கிய அனுபவம் கிடைக்கும்.

படி 2: ஊரின் எந்தப் பக்கம்

தேர்வில் பாதி இங்கேயே முடிந்துவிடும் என்பதால் இதற்கு நேரம் கொடுங்கள்.

கோயாசான் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஊர். மேற்கு முனையில் டைமோன் என்ற பெரிய வாசல். கிழக்கு முனையில் ஒகுனோயின். ஒரு முனையிலிருந்து மறுமுனையின் உட்பகுதி வரை நடந்தால் சுமார் 5 கிலோமீட்டர் வரும். நடுவில் சென்ஜுயின்பாஷி என்ற நாற்சந்தி. கேபிள் கார் நிலையம் ஊருக்கு வடக்கே, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வரும் சாலை பேருந்துக்கு மட்டுமானது, அதில் நடந்து வர அனுமதி இல்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்து யாரும் திட்டமிட வேண்டாம்.

கிழக்குப் பக்கம், அதாவது இச்சினோஹாஷி பாலத்தை ஒட்டிய பகுதி, ஒகுனோயினுக்காகவே வருகிறவர்களுக்கு. அந்தப் பாலத்தைத் தாண்டினால் வானுயர்ந்த சீடார் மரங்களுக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் பாதை. இரண்டு பக்கமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளும் நினைவுக் கற்களும். போரில் ஒருவரை ஒருவர் அழிக்க நினைத்த தளபதிகளின் கற்கள் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பாதையின் முடிவில் ஆயிரக்கணக்கான விளக்குகள் தொங்கும் தோரோதோ மண்டபம், அதன் பின்னால் கூக்காயின் சமாதி. பகலில் இங்கே கூட்டம் இருக்கும். இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்னும் இந்தப் பாதை வேறு மாதிரி இருக்கும், அதைப் பார்க்க நடந்து போகும் தூரத்தில் தங்கினால்தான் முடியும், ஏனென்றால் மாலைக்குப் பிறகு ஊருக்குள் பேருந்தை நம்பியிருக்க முடியாது.

ஷோஜோஷின்-இன் கோயில் அந்தப் பாலத்தின் வாசலிலேயே இருக்கிறது. எகோ-இன் கோயிலும் பக்கம்தான். எகோ-இன்னிலிருந்து துறவிகள் வழிகாட்டும் இரவு நடை ஒன்று புறப்படுகிறது. வேறு கோயிலில் தங்குகிறவர்களும் கட்டணம் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் பல கோயில்களில் ஒன்பது மணி வாக்கில் வாசலைச் சாத்திவிடுவார்கள். ஊரின் மறுகோடியில் தங்கிவிட்டு இரவு நடைக்குப் போனால் திரும்பி ஓடி வர வேண்டியிருக்கும்.

மேற்குப் பக்கம் டான்ஜோ காரான் வளாகத்துக்கு அருகில். கூக்காய் முதலில் கட்டத் தொடங்கியது இங்கேதான். கொன்போன் டைத்தோ என்ற செந்நிறப் பெருங்கோபுரம் இப்போதுள்ள வடிவில் 1937-இல் எழுந்தது. உயரம் 48.5 மீட்டர். கல்லறைகளுக்கு நடுவே இரவில் நடக்க மனம் ஒப்பாதவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள், கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்கள் இந்தப் பக்கம் தங்கலாம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து விளக்கு வெளிச்சத்தில் கோபுரத்தைச் சுற்றி வரலாம். பாதை சமதளம், திறந்தவெளி. சைசென்-இன் கோயில் இங்கே இருக்கிறது. நவீன காலத் தோட்டக் கலைஞர் மிரெய் ஷிகெமோரி வடிவமைத்த தோட்டம் அதில் உண்டு. கூதோயாமாவில் தொடங்கும் பழைய யாத்திரைப் பாதையில் நாள் முழுக்க நடந்து வருகிறவர்கள் டைமோன் வாசல் வழியாகத்தான் ஊருக்குள் நுழைவார்கள். அவர்களுக்கும் மேற்குதான் சரி. ஏழு மணி நேரம் நடந்த காலோடு மறுபடி ஊரைக் கடந்து போகச் சொல்வது கொடுமை.

நடுப்பகுதி, சென்ஜுயின்பாஷியைச் சுற்றி, எல்லாவற்றுக்கும் சமதூரம். கடைகள், சாப்பாட்டு இடங்கள், தகவல் மையம், தபால் நிலையம் எல்லாம் இங்கே. தலைமைக் கோயிலான கொங்கோபுஜியும் கூப்பிடு தூரம். வயதான பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பகுதியைத்தான். இங்கிருந்து தெற்கே ஒரு சந்தில் ஏறினால் கொங்கோ சான்மாய்-இன் வருகிறது. 1223-இல் ஹோஜோ மசாகோ எழுப்பிய இரண்டடுக்குக் கோபுரம் அந்த வளாகத்தில் நிற்கிறது. அது ஜப்பானின் தேசியச் செல்வம். அப்படி ஒரு கட்டடத்தின் காலடியில் இரவு தூங்க முடிகிற இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

வடக்குப் பக்கம், நிலையத்திலிருந்து பேருந்து நுழையும் வழியில், ஊரின் அமைதியான பகுதி. முன்பு சொன்ன ரெங்கேஜோ-இன் இங்கேதான். பக்கத்தில் நியோனின்தோ. 1872 வரை பெண்கள் கோயாசானுக்குள் வரக் கூடாது என்ற விதி இருந்தது. ஊரின் ஏழு நுழைவழிகளிலும் அவர்கள் வெளியே நின்று வழிபட மண்டபங்கள் இருந்தன. அவற்றில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அவர்கள் மலை விளிம்பைச் சுற்றி நடந்த பாதை இன்றும் இருக்கிறது. அதில் நடக்க வருகிறவர்களுக்கு வடக்கு வசதி.

படி 3: கோயிலா, கெஸ்ட் ஹவுஸா

கோயிலில் தங்குவது ஹோட்டலில் தங்குவது போல் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அறை தருவார்கள். ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் சொல்வார்கள். ஐந்தரை அல்லது ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. குளியலறை குறிப்பிட்ட நேரம் வரைதான். காலை ஆறு மணி வாக்கில் வழிபாடு, ஏழு மணி வாக்கில் காலை உணவு, ஒன்பது பத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

இந்த ஒழுங்கு பிடிக்காது என்றால், அல்லது இரவு தாமதமாகத்தான் வந்து சேர முடியும் என்றால், கோயிலில் பதிவு செய்யாதீர்கள். உங்களுக்கும் சங்கடம், சமைத்து வைத்துக் காத்திருக்கும் அவர்களுக்கும் சங்கடம். தனியாக, குறைந்த செலவில் வருகிறவர்களுக்குக் கிழக்குக் கோடியில் கொகூ என்ற சின்ன கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. படுக்கை மட்டும் வைத்த சிறு அறைகள். கோயில்களின் காலை வழிபாடு சிலவற்றில் வெளியாரும் கலந்துகொள்ள முடியும். அதனால் கெஸ்ட் ஹவுஸில் தங்கினால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஆனாலும் முதல்முறை வருகிறவர்கள், பணம் இடம் கொடுத்தால், ஒரு இரவு கோயிலிலேயே தங்க வேண்டும் என்பேன்.

படி 4: தேதியும் குளிரும்

மலை உச்சி என்பதால் ஒசாகாவைவிட சுமார் 5 டிகிரி குளிர் கூடுதல். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், பனி கொட்டும். மரமும் காகிதமும் கொண்டு கட்டிய பழைய கட்டடங்கள் இவை. அறைக்குள் ஹீட்டர் இருக்கும், நடைவழியில் இருக்காது. கழிப்பறை அறைக்கு வெளியே என்றால் நடு இரவில் அந்த நடைவழியில் போய் வர வேண்டும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வருகிறவர்கள், சென்னை உடம்போடு வருகிறவர்கள் குறிப்பாக, அறைக்குள் கழிப்பறை உள்ள கோயிலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறே இல்லை.

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இலைகள் சிவக்கும் காலம். வார இறுதி அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். ஆகஸ்ட் 13 அன்று ஒகுனோயின் பாதை முழுக்க மெழுகுவத்தி ஏற்றும் விழா. அன்று இச்சினோஹாஷி பக்கம் இடம் கிடைத்தால் யோசிக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஜூன் 15 கூக்காயின் பிறந்தநாள் விழா. ஏப்ரல் கடைசி, மே முதல் வார விடுமுறையில் ஜப்பானே பயணத்தில் இருக்கும், அந்தச் சமயம் தவிர்ப்பது நல்லது.

படி 5: அறையைப் பற்றிக் கேட்க வேண்டியவை

பாய் விரித்த தரை, அதன் மேல் ஃபுத்தோன் மெத்தை. சாப்பாடு நேரத்தில் அல்லது அதற்குப் பிறகு இளம் துறவிகள் வந்து மெத்தையை விரித்துப் போவார்கள். பழைய வகை அறைகளில் அடுத்த அறைக்கும் உங்கள் அறைக்கும் நடுவே ஃபுசுமா என்ற தள்ளு கதவு மட்டும்தான் சுவர். பக்கத்து அறையில் இருமினால் கேட்கும். பூட்டு இல்லாத அறைகளும் உண்டு. லேசான தூக்கக்காரர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூட்டு வலி உள்ளவர்களுக்கு இரண்டு சிக்கல்: தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, தரையிலிருந்து எழுவது. சில கோயில்களில் கேட்டால் நாற்காலி போட்டுத் தருவார்கள். சில இடங்களில் கட்டில் உள்ள அறைகளும் உண்டு. மாடிப்படியும் செங்குத்தாக இருக்கும் என்பதால் தரைத்தளம் கேளுங்கள். முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் அவர்களால் மாற்ற முடியாமல் போகலாம்.

குளியல் பொதுவாக ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று கூட்டுக் குளியல்தான். முதலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பிறகு வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். உடையில்லாமல்தான். இது கூச்சமாக இருந்தால் அறைக்குள் குளியலறை உள்ள இடத்தைத் தேடுங்கள், அல்லது குளியலறையைத் தனியாக ஒதுக்கித் தருவார்களா என்று கேளுங்கள். வெந்நீர் ஊற்றுக் குளியல்தான் முக்கியம் என்றால் ஃபுகுச்சி-இன். அந்த வசதிக்குப் பேர்போன கோயில் அது. அங்கும் ஷிகெமோரியின் தோட்டம் இருக்கிறது. பெரிய இடம் என்பதால் சின்னக் கோயிலின் நெருக்கம் கொஞ்சம் குறையும், வசதி கூடும்.

படி 6: சாப்பாடு

சைவம் சாப்பிடும் தமிழர்கள் ஜப்பானில் மீன் சாறு கலக்காத உணவைத் தேடி அலைவது எனக்குத் தெரியும். கோயாசானில் அந்த அலைச்சல் இல்லை. கோயில்களில் ஷோஜின் ரியோரி என்ற மடத்துச் சமையல்தான். இறைச்சி இல்லை, மீன் இல்லை, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. சாறு எடுப்பது கொம்பு என்ற கடற்பாசியிலிருந்தும் காய்ந்த காளானிலிருந்தும். எள்ளை அரைத்துக் குட்சு என்ற கிழங்கின் மாவோடு காய்ச்சி உறைய வைத்த எள் தோஃபு வரும். குளிரில் உறைய வைத்து உலர்த்திய கோயா தோஃபு இந்த மலையின் பெயரையே தாங்கியது, பஞ்சு போல் சாற்றைக் குடித்திருக்கும். காய்கறி தெம்புரா, ஊறுகாய், மிசோ சூப், சோறு எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரும். காரம் இருக்காது. இதற்கு மேல் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வேண்டாம், ஒரு நாள் அதன் சுவையிலேயே சாப்பிட்டுப் பாருங்கள்.

இருந்தாலும் கறாரான சைவர்கள் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் கேட்டால் பீரும், சாக்கே என்ற அரிசி மதுவும் உண்டு. ஊருக்குள் உள்ள உணவகங்களில் மீன் சாறு கலப்பது வழக்கம்தான், கோயில் விதி அங்கே செல்லாது. அவை சீக்கிரம் மூடியும் விடும். அதனால் சாப்பாடு இல்லாத அறை மலிவாகக் கிடைத்தாலும், இரண்டு வேளையும் சேர்ந்த அறையையே எடுங்கள்.

படி 7: காலை வழிபாடு

கோயிலில் தங்குவதன் உயிர் இதுதான் என்பதால், எந்த மாதிரி வழிபாடு என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான இடங்களில் மங்கிய வெளிச்சத்தில், தங்கநிற விளக்குகள் தொங்கும் மண்டபத்தில், அரை மணி நேரத்துக்கு மேல் ஓதுவார்கள். விருந்தினர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சென்று தூபப் பொடியைக் கிள்ளிப் போடலாம். எகோ-இன்னில் இதற்குப் பிறகு கோமா என்ற வேள்வி நடக்கிறது. நெருப்பு வளர்த்து, மரத்துண்டுகளை இட்டு மந்திரம் சொல்வார்கள். நம் ஹோமத்தைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகவே இருக்காது. அதன் வேர் இந்தியாதான்.

ஓதலுக்கு நடுவே சமஸ்கிருத மந்திரங்கள் ஜப்பானிய உச்சரிப்பில் வரும். இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி இருக்கிறது. 804-இல் சீனா சென்ற கூக்காய்க்கு உபதேசம் தந்தவர் ஹுய்குவோ. அவருடைய ஆசான் அமோகவஜ்ரர். அவருடைய ஆசான் வஜ்ரபோதி, தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாக சீனா போனவர். பழைய குறிப்புகள் அவரைக் காஞ்சியோடு தொடர்புபடுத்துகின்றன. ஷிங்கோன் மரபின் எட்டு ஆசான்களில் ஒருவராக அவருடைய உருவம் கொன்போன் டைத்தோவின் உள்ளே வரையப்பட்டிருக்கிறது. அங்கே போகும்போது தேடிப் பாருங்கள்.

வழிபாட்டில் கலந்துகொள்வது கட்டாயம் இல்லை. ஆனால் தூங்கிக் கழிப்பதாக இருந்தால் கோயிலுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண்.

படி 8: விலையும் முன்பதிவும்

விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு. இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் பட்ஜெட் இரட்டிப்பாகிவிடும். எளிய அறையில் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்குச் சுமார் 10,000 முதல் 20,000 யென். தனிக் குளியலறை, தோட்டம் பார்க்கும் அறை என்றால் 30,000 யென்னும் அதற்கு மேலும் போகும். தனியாக வருகிறவர்களைச் சில இடங்களில், அதுவும் வார இறுதியில், ஏற்க மாட்டார்கள், அல்லது கூடுதல் கேட்பார்கள்.

பொதுவான முன்பதிவுத் தளங்களில் பல கோயில்கள் கிடைக்கும். கோயாசான் ஷுகுபோ சங்கத்தின் மூலமும் பதிவு செய்யலாம். எல்லாக் கோயில்களும் பெருந்தளங்களில் இல்லை என்பதால் சின்னக் கோயில் வேண்டும் என்றால் சங்கத்தைக் கேட்பதே வழி. எழுதும்போது இவற்றை ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்:

கழிப்பறை, குளியலறை அறைக்குள்ளா, பொதுவா?
அறை தரைத்தளத்திலா, நாற்காலி கிடைக்குமா?
வாசல் எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள்?
காலை வழிபாடு எத்தனை மணிக்கு, வேள்வி உண்டா?
கார்டு வாங்குவீர்களா, ரொக்கம் மட்டுமா?
எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்பும்?

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். காய்கறி வாங்கி, சமையலுக்குத் திட்டமிட்டு வைப்பதால் ரத்து விதிகள் ஹோட்டலைவிடக் கடுமையாக இருக்கும். ரொக்கம் எப்படியும் கொஞ்சம் வைத்திருங்கள். தபால் நிலைய ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டு வேலை செய்யும்.

படி 9: வந்து சேரும் நாள்

பெரிய பெட்டியை ஒசாகாவிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு வாருங்கள். கேபிள் கார், பேருந்து, காலணி கழற்றி ஏறும் படிகள், பாய் விரித்த தரை இவற்றில் சக்கரப் பெட்டி பெரும் தொல்லை. ரயில், கேபிள் கார், ஊருக்குள் பேருந்து எல்லாம் சேர்ந்த சலுகைச் சீட்டை நான்காய் விற்கிறது. தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மதியத்துக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள். பையைக் கோயிலில் வைத்துவிட்டு மேற்கே கொங்கோபுஜி, டான்ஜோ காரான் இரண்டையும் பாருங்கள். கொங்கோபுஜியின் கல் தோட்டம் ஜப்பானிலேயே பெரியது. உள்ளே நுழையக் கட்டணம் உண்டு, மாலையில் மூடிவிடுவார்கள். நான்கரை மணிக்கு அறைக்குத் திரும்பிக் குளித்துவிட்டால் சாப்பாட்டுக்கு நிதானமாக உட்காரலாம். பிறகு இரவு நடை.

மறுநாள் அறையைக் காலி செய்ததும் பையை அங்கேயே விட்டுவிட்டு ஒகுனோயினுக்குப் போங்கள். இச்சினோஹாஷியிலிருந்து நடந்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரை மணிக்கும் துறவிகள் கூக்காய்க்கு உணவு எடுத்துச் செல்கிறார்கள். ஆறு மணி உங்கள் கோயிலின் வழிபாட்டோடு மோதும், பத்தரைக்குப் போக முடியும். கடைசிப் பாலத்தைத் தாண்டிய பிறகு படம் எடுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. திரும்பும்போது கிழக்கே இருக்கும் ஒகுனோயின்-மாயே நிறுத்தத்தில் பேருந்து ஏறி, வழியில் கோயில் வாசலில் இறங்கிப் பையை எடுத்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் கேபிள் கார் நிலையத்துக்குப் போகலாம். பேருந்து நேரங்களை முந்தைய நாளே நிறுத்தத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.